சில்லும் அதன் மொழிபெயர்ப்பாளனும்



சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்கு வந்து சென்றவர்கள், ஒண்டிக்கடை என்னும் சந்திப்பை அறிந்திருப்பர். பெயரை நோக்கினால் ஒற்றைக் கடை என்பது பொருள். இன்றோ அங்கே கடைகள் பல. ஆரஞ்சும் பலாவும் மிளகும் விற்கும் இம்மலைக் கடைகளில் மின்னணுத் தராசைக் காண்கிறோம். பழத்தைத் தட்டில் இட்டதும் எடை தோன்றுகிறது. கிலோவின் விலையைக் குறித்தால், கொடுக்க வேண்டிய தொகையும் உடனே தோன்றுகிறது. எடைக்கல்லும் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிப்பாரும் இல்லை. தராசின் உள்ளே இருக்கும் சிறிய கரிய சில்லு ஒன்று அக்கணக்கைச் செய்கிறது. சில்லுக்கு அக்கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? எந்த மொழியில் சொல்லிக் கொடுத்தார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பொறியியலார் மைக்ரோகண்ட்ரோலர் என்று கூறும் அச்சில்லைத் தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்று வழங்குவர். அது தன்னளவில் முழுமையான கணிப்பொறியே. ஆயினும் மிகச் சிறியது. மாணவர் பலர் கையாளும் ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையை எடுத்துக்கொள்வோம். பரவலாக வழங்கிவரும் அதன் வகையில் உள்ள சில்லின் பெயர் ஏடிமெகா 328பி. நிரலைச் சேர்த்து வைப்பதற்கு அதில் 32 கிலோபைட் இடம் உண்டு. கணக்கிடும்போது எண்களை இட்டு எடுக்கும் நினைவகமோ 2 கிலோபைட், அதாவது 2,048 பைட் மட்டுமே. தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறியில் சேமிக்க இன்று பெரிதும் வழங்கும் முறையில், ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். இப்பேச்சின் அரைப் பக்கத்தை அதில் எழுதப் புகுந்தால், முடிக்கும் முன்னரே அந்நினைவகம் நிரம்பிவிடும்.

இத்தகைய சில்லுக்குத் தெரிந்த மொழி ஒன்றே ஒன்று. ஒன்றும் சுழியுமாகக் கோத்த கட்டளைகளே அம்மொழியின் சொற்கள். அவற்றின் பொருளும் மிக எளியது. இவ்வெண்ணை எடு, அதனோடு இதனைக் கூட்டு, விடை சுழியானால் அவ்விடத்திற்குச் செல். இவ்வளவுதான். மனிதர் இம்மொழியில் பக்கம் பக்கமாகப் பிழையின்றி எழுதுதல் அரிது. ஆகவே, சி முதலிய மொழிகளில் நமக்கு விளங்குமாறு எழுதுகிறோம். எடையை விலையால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் தொகை வரும் என்பதை அங்கே ஒரே வரியில் எழுதிவிடலாம். அவ்வரியைச் சில்லின் மொழிக்கு மாற்றித் தரும் நிரலுக்குக் கம்பைலர், அஃதாவது தொகுப்பி, என்று பெயர்.

பெயர்க் காரணத்தையும் அறிந்துகொள்வது நன்று. அமெரிக்காவில் வாஸர் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார், பின்னர்க் கணிப்பொறித் துறையில் புகுந்தார். நாடாவில் சேமித்து வைத்த சிறு சிறு நிரல்களை வேண்டியவாறு எடுத்து ஒன்றாகத் தொகுத்துத் தரும் நிரல் ஒன்றை 1952-இல் அவர் அமைத்தார். தொகுத்துத் தந்தமையால் அது தொகுப்பி எனப்பட்டது. 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் மொழிக்குரிய தொகுப்பியை வெளியிட்டனர். அன்று முதல் கணித வாய்பாடுகளை ஏறக்குறைய அவற்றின் வடிவிலேயே எழுதி, பொறியிடம் ஒப்படைக்க முடிந்தது. பெயரால் தொகுப்பி ஆயினும், செயலால் அது மொழிபெயர்ப்பாளனே.

இனி ஒரு வினா எழும். இம்மொழிபெயர்ப்பாளன் எங்கே குடியிருக்க வேண்டும்? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. அவ்விதிப்படி ஒரு சிறு கடையை நினைத்துக்கொள்வோம். கடையில் மாவு விற்கிறார்கள். ஆனால் அங்கே ஆலை இல்லை. ஆலையை நிறுவ இடமும் இல்லை. மாவு வேறோர் ஊரில் அரைபட்டு, மூட்டையாகக் கட்டப்பட்டு மலைமேல் வருகிறது. கடைக்கு வேண்டுவது மாவேயன்றி ஆலையன்று. அதுபோலவே, தொகுப்பி என்பது பல மெகாபைட் அளவுள்ள பெரிய நிரல். 32 கிலோபைட் சில்லில் அது நுழையவே நுழையாது. ஆகவே பெரிய கணிப்பொறியில் தொகுப்பியை இயக்கி, அதன் விளைவாகிய கட்டளைகளை மட்டும் கம்பி வழியே சில்லில் ஏற்றுகின்றனர். ஒரு பொறியில் இருந்துகொண்டு மற்றொரு பொறியின் மொழியில் எழுதித் தரும் இத்தகைய தொகுப்பியைக் கிராஸ் கம்பைலர் என்பர். நாம் அதனைக் குறுக்குத் தொகுப்பி என்போம்.

ஒரு பொறியில் இருந்து மற்றொரு பொறிக்கு எழுதும் இம்முறைக்கு வரலாற்றில் சுவையான சான்று ஒன்று உண்டு. 1975-இல் பில் கேட்ஸ், பால் ஆலன் என்னும் இளைஞர் இருவர், ஆல்டேர் என்ற சிறு கணிப்பொறியில் பேசிக் மொழி இயங்குமாறு செய்ய முற்பட்டனர். அப்பொறி அவர்கள் கையில் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பெரிய கணிப்பொறியில், ஆல்டேரின் 8080 சில்லைப் போலவே நடந்துகொள்ளும் பாவனை நிரல் ஒன்றை ஆலன் எழுதினார். அப்பாவனையின்மேல் சோதித்துச் சோதித்துத் தம் நிரலை முடித்தனர். துளைநாடாவில் பதித்த நிரலை ஆலன் ஆல்பக்கர்க்கி நகருக்கு எடுத்துச் சென்று உண்மைப் பொறியில் இட்டபோது, அது இயங்கிற்று. இல்லாத பொறிக்கு இருக்கும் பொறியில் எழுதலாம். ஆனால் இல்லாத பொறியின் இயல்பை எழுத்தெழுத்தாக அறிந்திருக்க வேண்டும். இதுவே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

குறுக்குத் தொகுப்பியை எவ்வாறு கட்டுகின்றனர்? 1987-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் முதன்முதலாக வெளியிட்ட ஜிசிசி என்னும் தொகுப்பி இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதன் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஆயினும் கட்டும்போது ஒரு சிக்கல் எதிர்ப்படும். சி மொழியில் எழுதுவோர்க்கு எண்ணை அச்சிடுதல், சரங்களை ஒப்பிடுதல் முதலிய பொதுப் பணிகளைச் செய்து தரும் நூலகம் ஒன்று வேண்டும். நூலகம் சில்லின் மொழியில் அமையவேண்டுமானால் தொகுப்பி வேண்டும். தொகுப்பியின் முழு வடிவமோ நூலகத்தை எதிர்பார்க்கிறது. மரத்தால் விதையா, விதையால் மரமா என்பது போன்ற சிக்கல் இது.

இதனைப் படிப்படியாகத் தீர்க்கின்றனர். முதற்படியில், கட்டளைப் பெயர்களை எண்களாக மாற்றும் அசெம்ப்ளரையும், பல துண்டுகளை ஒன்றாகப் பிணைக்கும் இணைப்பியையும் அமைப்பர். இரண்டாம் படியில், நூலகம் எதுவும் இல்லாத வெறுந்தொகுப்பியை ஆக்குவர். மூன்றாம் படியில், அவ்வெறுந்தொகுப்பியைக் கொண்டே நியூலிப் போன்ற சிறு நூலகத்தைச் சில்லின் மொழிக்குப் பெயர்ப்பர். நான்காம் படியில், அந்நூலகத்தைத் துணையாகக் கொண்டு முழுத் தொகுப்பியைக் கட்டி முடிப்பர். மலைப்பாதை அமைப்போர் முதலில் ஒற்றையடித் தடம் வெட்டி, அதன் வழியே கருவிகளை ஏற்றி, பின்னர் அதே தடத்தை வண்டிப்பாதையாக அகலப்படுத்துவது போன்றது இம்முறை.

அத்துடன் பணி முடிவதில்லை. சில்லில் நிரல் எந்த முகவரியில் தொடங்குகிறது, நினைவகம் எங்கே இருக்கிறது என்பவற்றை இணைப்பிக்கு எழுதித் தரவேண்டும். மின்சாரம் வந்த கணத்தில் சில்லின் நினைவகத்தில் பொருளுள்ள எண் எதுவும் இராது. தொடக்க மதிப்புகளை நிரல் இருக்கும் இடத்திலிருந்து நினைவகத்திற்குப் படியெடுக்க வேண்டும். மற்ற இடங்களைச் சுழியாக்க வேண்டும். அதன் பின்னரே நாம் எழுதிய நிரலின் முதல் வரிக்குச் செல்லவேண்டும். மேசைக் கணிப்பொறியில் இவற்றையெல்லாம் நாம் அறியாமலே இயக்க முறைமை செய்துவிடுகிறது. சிறு சில்லில் செய்வாரில்லை. நாமே செய்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளன் தான் பெயர்க்கும் மொழியின் வளத்தையும் வறுமையையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். ஏடிமெகா சில்லுக்குப் பெருக்கத் தெரியும். வகுக்கும் கட்டளை அதில் இல்லை. ஆகவே ஆயிரத்தால் வகுக்க என்று நாம் எழுதினால், தொடக்கப் பள்ளியில் நாம் கற்ற நீள்வகுத்தலைப் போலக் கழித்தும் நகர்த்தியும் விடை காணும் சிறு நிரலைத் தொகுப்பி தானே சேர்த்துத் தருகிறது. மேலும் அச்சில்லு ஒரு முறைக்கு 8 பிட் அளவுள்ள எண்களையே கூட்டவல்லது. பெரிய எண்களைக் கூட்ட, ஒன்றாம் இடத்தைக் கூட்டி, மிகுவதைப் பத்தாம் இடத்திற்குக் கொண்டு செல்லும் நம் வழக்கத்தையே அங்கும் பின்பற்ற வேண்டும். 16 பிட் எண்ணுக்கு இரண்டு கூட்டல். 32 பிட் எண்ணுக்கு நான்கு.

இங்கேதான் ஓர் இடர் பதுங்கியிருக்கிறது. மாணவன் ஒருவன் ஒண்டிக்கடைத் தராசைப் போன்ற கருவியைத் தானே அமைக்கிறான் என்று கொள்வோம். கிலோ 160 ரூபாய் விலையுள்ள ஆரஞ்சில் கால் கிலோவை நிறுக்கிறான். 250 கிராமை 160-ஆல் பெருக்கினால் 40,000. அதனை 1,000-ஆல் வகுத்தால் 40 ரூபாய். மேசைக் கணிப்பொறியில் இயக்கிப் பார்த்தான். சரியான விடை வந்தது. அதே வரியை மாற்றாமல் ஏடிமெகா சில்லில் ஏற்றினான். அங்கே முழு எண்ணுக்கென்று தொகுப்பி இயல்பாக ஒதுக்கும் கலம் 16 பிட் அளவினது. 32,767 வரைதான் கொள்ளும். 40,000 அதில் அடங்காது. இவ்வாறு பொங்கி வழிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சி மொழியின் விதிகள் உறுதி கூறுவதில்லை. பெரும்பாலும் மிதிவண்டியின் தூரமானி சுற்றிக்கொண்டு மீண்டும் தொடங்குவது போல, எண் சுற்றி, கழித்தற் குறியுடன் 25,536 என்று ஆகிவிடும். அதனை 1,000-ஆல் வகுத்தால், பழத்தையும் கொடுத்து 25 ரூபாயும் கொடுக்குமாறு தராசு கடைக்காரருக்குக் கட்டளையிடும்!

வரியில் பிழை இல்லை. கணக்கிலும் பிழை இல்லை. கலத்தின் அளவை எண்ணிப் பார்க்காமையே பிழை. 32 பிட் கலம் வேண்டும் என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருந்தால் தராசு சரியாகவே சொல்லியிருக்கும்.

இது சிறு கடையின் விளையாட்டுக் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய ராக்கெட் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாக எழும்பிற்று. ஏறத்தாழ 40 வினாடிக்குள் வானிலேயே சிதறிற்று. கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் கலத்திற்கு மாற்ற முயன்றபோது, அஃது அக்கலத்தில் அடங்கவில்லை. ஏரியான் 4 ராக்கெட்டின் பாதையில் அவ்வெண் அந்த அளவுக்கு உயர்ந்ததில்லை. அதற்கென எழுதிய நிரலையே புதிய ராக்கெட்டிலும் வைத்திருந்தனர். அந்நிரல் அடா என்னும் மொழியில் எழுதப்பட்டது. எண் கலத்தை மீறினால் எச்சரிக்கை எழுப்பும் இயல்பு அம்மொழிக்கு உண்டு. எச்சரிக்கையும் எழுந்தது. ஆனால் அதனைக் கேட்டு ஆவன செய்யும் பகுதி அவ்வெண்ணுக்கு எழுதப்படவில்லை. கணிப்பொறியின் வேலைச்சுமையைக் குறைக்கக் கருதிச் சில எண்களுக்குக் காவல் வேண்டாம் என முன்னரே முடிவு செய்திருந்தனர். திசைகாட்டும் கருவிகள் இரண்டும் செயலற்றன. கால் கிலோ ஆரஞ்சிலும் கோடிக்கணக்கில் செலவிட்ட ராக்கெட்டிலும் ஒளிந்திருந்த இடர் ஒரே இனத்தைச் சேர்ந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் ராக்கெட்டுகளில் 2009 முதல் விக்ரம் 1601 என்னும் 16 பிட் நுண்செயலி பயன்பட்டு வந்தது. அதனை அடுத்து, திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தாரும் சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்தாரும் இணைந்து விக்ரம் 3201 என்னும் 32 பிட் நுண்செயலியை ஆக்கினர். 2024 டிசம்பர் 30-ஆம் நாள் ஏவப்பட்ட பிஎஸ்எல்வி சி-60 பயணத்தில் அது விண்ணில் சோதிக்கப்பட்டது. 2025 மார்ச் 5-ஆம் நாள், முதல் ஆக்கத் தொகுதி புது தில்லியில் இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் அளிக்கப்பட்டது. சில்லு பிறந்த செய்தியைப் பலரும் படித்தோம். அதனுடன் வந்த மற்றொரு செய்தியே நம் பேச்சுக்கு உரியது. விக்ரம் 3201-இன் கட்டளைத் தொகுதி இஸ்ரோ தனக்கென வகுத்தது. உலகில் வேறெவரும் பேசாத மொழி அது. அவ்வாறாயின் அம்மொழிக்குப் பெயர்த்துத் தரும் தொகுப்பியைக் கடையில் விலைக்கு வாங்க இயலுமா? இயலாது. ஆகவே அடா மொழிக்குரிய தொகுப்பி, அசெம்ப்ளர், இணைப்பி, பாவனை நிரல் ஆகிய அனைத்தையும் இஸ்ரோ தானே ஆக்கிக்கொண்டது. சி மொழிக்குரிய தொகுப்பியும் ஆக்கப்பட்டு வருவதாக அப்போதே அறிவித்தது.

அதே நாளில் கல்பனா 3201 என்னும் மற்றொரு சில்லும் அளிக்கப்பட்டது. அது ஸ்பார்க் என்னும், உலகறிந்த பொது இலக்கணத்தைப் பின்பற்றுவது. ஆகவே வெளிப்படையாகக் கிடைக்கும் தொகுப்பிகளே அதற்கும் பொருந்துமாறு அமைத்தனர். சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையில் 2014 முதல் வளர்ந்துவந்த சக்தி நுண்செயலியும் இவ்வழியையே பற்றியது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தோன்றி, எவரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியை அது மேற்கொண்டது. 2017-இல் ஜிசிசி அக்கட்டளைத் தொகுதியை ஏற்றுக்கொண்டது. 2018-இல் சக்தியின் முதற் சில்லுகள் வெளிவந்தபோது, அவற்றுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆயத்தமாகக் காத்திருந்தான்.

இருவழிகளில் எது சிறந்தது? தனிமொழி வகுத்தோர்க்கு முழுவுரிமை உண்டு. சில்லின் கடைசிக் கட்டளை வரை அவர்கள் அறிவர். ஆனால் மொழிபெயர்ப்பாளனை ஆக்குவதும், பிழை களைவதும், தலைமுறை தலைமுறையாகப் பேணுவதும் அவர்கள் தலைமேலேயே விழும். பொதுமொழி கொண்டோர்க்கு உலகத்தார் உழைப்பு துணையாகும். ஆனால் பிறர் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் கடமை நீங்காது. யூனிக்ஸ் முறைமையை ஆக்கியவர்களுள் ஒருவராகிய கென் தாம்சன், 1984-இல் வெளியான தம் பரிசுரையில் திடுக்கிடத்தக்க ஓர் உண்மையை விளக்கினார். தொகுப்பிக்குள் ஒரு வஞ்சகத்தை மறைத்து வைத்தால், அதனைக் கொண்டு மறுபடி ஆக்கும் தொகுப்பியிலும் அது தானே புகுந்துகொள்ளும். நாம் படிக்கும் மூலத்தில் அதன் சுவடும் இராது. மொழிபெயர்ப்பாளனை நம்பியே நாம் வாழ்கிறோம் என்பதும், அந்நம்பிக்கைக்கு அடிப்படை தேடுவது அறிவுடைமை என்பதும் இதனால் விளங்கும். என் கருத்து இதுவே. சில்லைச் செய்யும் நாடு, அதன் மொழிபெயர்ப்பாளனை ஆக்கவும் ஆராயவும் வல்ல மக்களைப் பெற்றிருத்தல் வேண்டும். இல்லையேல், சில்லு நம்முடையதாயினும் அதன் நாவு பிறருடையது.

அத்தகைய மக்கள் எங்கிருந்து வருவர்? சில்லைச் செய்யப் பெருந்தொழிற்சாலை வேண்டும். அது எல்லா ஊரிலும் அமையாது. தொகுப்பியை ஆக்கவோ, சாதாரணக் கணிப்பொறி ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும். ஜிசிசியின் மூலம் முழுவதும் விலையின்றிக் கிடைக்கிறது. சேர்வராயன் மலையில் இருக்கும் மாணவிக்கும், பெருநகரத்துப் பொறியாளர்க்கும் அஃது ஒன்றே.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்களாயின், ஒரு பயிற்சியைக் கூறி முடிக்கிறேன். எடை, விலை, தொகை என்னும் அந்த ஒற்றை வரியைச் சி மொழியில் எழுதுங்கள். அதனை உங்கள் கணிப்பொறிக்கு ஒரு முறையும், ஏடிமெகா சில்லுக்கு ஒரு முறையும், ரிஸ்க்-ஃபைவ் சில்லுக்கு ஒரு முறையும் பெயர்க்கச் செய்யுங்கள். விளைவை எண்களாகப் பெறாமல், அசெம்ப்ளர் வடிவில் தருமாறு தொகுப்பியைக் கேட்டால் அது தரும். மூன்றையும் தாளில் அருகருகே எழுதி, வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒன்றில் வகுத்தல் ஒரே கட்டளையாக இருப்பதும், மற்றொன்றில் தனி நிரலாக விரிவதும், கலத்தின் அளவு மாறுவதும் உங்கள் கண்ணுக்கே புலப்படும். புரியாத கட்டளை ஒவ்வொன்றையும் சில்லின் கையேட்டில் தேடிப் பொருள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆகலாம். ஒரு மாதமும் ஆகலாம். அந்தத் தாளை முழுவதும் படித்து முடித்த மாணவர், மொழிபெயர்ப்பாளனின் வேலையைக் கண்டவர் ஆவார். அவ்வேலையைக் கண்டவரே பின்னாளில் அதனைச் செய்யவும் வல்லவராவர்.